முதலில் இஞ்ச் டேப், பிறகு பர்ஸ்!

எங்கள் பட்ஜெட் 25 ஆயிரம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். எந்த டிவி வாங்கலாம்? (திண்டுக்கல்)

பணத்தைச் சொன்னீர்கள், ஆட்களைச் சொன்னீர்கள். ஹால் எத்தனை அடி என்று சொல்லவில்லையே! டிவி வரப்போகும் சுவரிலிருந்து நீங்கள் உட்காரும் இடம் வரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். வரும் அளவை இஞ்சில் எழுதி 1.6-ஆல் வகுத்தால், சினிமா பார்க்க வசதியான திரையின் அளவு கிடைத்துவிடும். 6 அடி என்றால் 72 இஞ்ச், வகுத்தால் 45. ஆக, உங்களுக்கு 43 இஞ்ச் டிவி. ஏழரை அடி என்றால் 55 இஞ்ச். பட்ஜெட் இடித்தால் ஒரு சைஸ் குறைத்துக்கொள்ளலாம். சீரியலுக்கும் செய்திக்கும் குறை தெரியாது. 25 ஆயிரத்துக்குள் நல்ல 43 இஞ்ச் டிவி கிடைக்கும். கடைக்குப் போய் யோசிக்காதீர்கள். வீட்டில் முடிவெடுத்துவிட்டு, வாங்குவதற்கு மட்டும் கடைக்குப் போங்கள்.

43 இஞ்ச் என்பது அகலமா, உயரமா? எங்கள் பழைய ஷோகேஸில் நுழையுமா? (கும்பகோணம்)

இரண்டும் இல்லை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள தூரம் அது. 43 இஞ்ச் டிவியின் அகலம் ஏறக்குறைய 96 செ.மீ., உயரம் 56 செ.மீ. 55 இஞ்ச் என்றால் அகலம் 123 செ.மீ. வரை போகும். பழைய ஷோகேஸ்கள் பெட்டி டிவிக்காகச் செய்தவை. உயரம் இருக்கும், அகலம் இருக்காது. இன்னொன்றையும் பாருங்கள். இப்போது பல டிவிகளுக்கு நடுவில் ஒரு கால் இல்லை. இரண்டு ஓரத்திலும் இரண்டு கால்கள். டிவி நிற்குமா என்று தெரிய, அந்தக் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கேட்டு உங்கள் மேசையை அளந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கேபிள் மட்டும்தான். 4கே டிவி வாங்கினால் படம் பளிச்சென்று வருமா? (ராஜபாளையம்)

வராது. சாதாரண கேபிள் சேனல் அனுப்புவது 720-க்கு 576 புள்ளிகள். மொத்தம் சுமார் 4 லட்சம். 4கே திரையில் இருப்பவை 3840-க்கு 2160. ஏறக்குறைய 83 லட்சம். மிச்சத்தை டிவி தானாக ஊகித்து நிரப்பியாக வேண்டும். பெரிய திரையில் அந்த ஊகம்தான் மங்கலாகத் தெரிகிறது. முதல் வேலையாக கேபிள்காரரிடம் எச்டி செட்டாப் பாக்ஸ் கேளுங்கள். நீங்கள் தினமும் பார்க்கும் நாலைந்து சேனல்களை மட்டும் எச்டியில் எடுங்கள். பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிள் போடச் சொல்லுங்கள். 43 இஞ்சுக்கு மேல் பெரும்பாலும் 4கே டிவிதான் வருகிறது. அதற்கென்று தனியாகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. 32 இஞ்ச் வாங்கி 6 அடி தள்ளி உட்காருபவருக்கு எச்டி ரெடியே போதும்.

எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று கடைக்காரர் அடுக்குகிறார். தலை சுற்றுகிறது! (கோவை)

நாலையும் இரண்டாக்கிவிடலாம். முதல் மூன்றும் ஒரே குடும்பம்: முன்னால் எல்சிடி திரை, பின்னால் எல்இடி விளக்கு. க்யூஎல்இடியில் நிறத்தைக் கூட்டும் ஒரு படலம் சேர்கிறது. மினி எல்இடியில் விளக்குகள் சிறிதாகி, எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதனால் இருட்டுக் காட்சியில் அந்த இடத்து விளக்கை மட்டும் குறைக்க முடிகிறது. ஓஎல்இடி தனிக் குடும்பம்: பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு உண்மையாகவே கறுப்பாக இருக்கும். விலையும் பல மடங்கு. நாள் முழுக்க ஒரே செய்திச் சேனலை ஓடவிடும் வீட்டில், சேனல் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் ஓஎல்இடி திரையில் நிரந்தரத் தடமாகப் பதியும் ஆபத்தும் உண்டு. 30 ஆயிரத்துக்குள் வாங்குபவர் நல்ல எல்இடி போதும் என்று நிம்மதியாக இருக்கலாம். விலை வித்தியாசம் ஓரிரு ஆயிரம் என்றால் க்யூஎல்இடி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பெட்டியில் ‘எச்டிஆர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே? (கரூர்)

வெளிச்சமும் நிழலும் ஒரே காட்சியில் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்கான நுட்பம் அது. அதைக் காட்டத் திரைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பட்ஜெட் டிவிகள் பலவற்றில் 250, 300 நிட்ஸ்தான் வெளிச்சம். எச்டிஆர் படத்தை வாங்கிக்கொள்ளும், முழுதாகக் காட்டாது. அந்த எழுத்துக்காகப் பணம் கூட்டித் தராதீர்கள்.

கடையில் மயிலாக ஆடிய டிவி, வீட்டுக்கு வந்ததும் வேறு மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (திருநெல்வேலி)

டிவி அதேதான், ஓடும் படம்தான் வேறு. கடையில் ‘ஸ்டோர் மோட்’ போட்டு வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். ஓடுவதும் அதற்கென்றே எடுத்த 4கே வீடியோ. இனி வாங்கப் போகிறவர்கள் ஒரு பென் டிரைவில் பார்த்துப் பழகிய ஒரு படத்தைக் கொண்டுபோய் ஓடவிடச் சொல்லுங்கள். முகத்தின் நிறம் முகத்தின் நிறமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: படத்தின் அமைப்பில் ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாறுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுகிறது. இந்த வசதி இடையிடையே தானாக ஃப்ரேம்களைச் செருகுவதால் பெரிய பட்ஜெட் படம்கூட சீரியல் போலத் தெரியும். கிரிக்கெட்டுக்குப் பிடித்திருந்தால் அப்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஹாலில் ஒரு ஓரம் மாமியார், இன்னொரு ஓரம் நான், நடுவில் பாய் போட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியுமா? (மதுரை)

நல்ல கேள்வி. டிவி விளம்பரங்களில் வரும் குடும்பம் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நம் வீடுகளில் அப்படி யார் உட்காருகிறார்கள்? எல்சிடி திரையில் இரண்டு முக்கிய வகை. ‘ஐபிஎஸ்’ வகையில் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ‘விஏ’ வகையில் கறுப்பு அழுத்தமாக இருக்கும். ஓரத்தில் உட்காருபவருக்கு நிறம் வெளிறும். உங்கள் வீட்டுக்கு முதல் வகை. பெட்டியில் அந்தப் பெயர் போட்டிருக்காவிட்டாலும் கவலை இல்லை. கடையில் டிவிக்கு நேராக நிற்காமல், மாமியார் உட்காரும் கோணத்தில் போய் நின்று பாருங்கள், கண்ணே சொல்லிவிடும்.

உயரமும் முக்கியம். நிறைய வீடுகளில் சாமி படத்துக்குச் சமமாக டிவியை மாட்டிவிடுகிறார்கள். தரையில் உட்காரும் பிள்ளை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலியைச் சேர்த்துக்கொள்கிறது. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் இருந்தால் சோபாவுக்கும் பாய்க்கும் பொதுவாக அமையும். சுவரில் ஆணி அடிக்கும் முன் எல்லோரையும் அவரவர் இடத்தில் உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

படம் அருமை. ஆனால் அம்மாவுக்கு வசனம் புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீடு சண்டைக்கு வருகிறது. (ஈரோடு)

டிவி மெலிந்தது, ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமும் பின்பக்கமும் ஒதுங்கிவிட்டது. முகத்துக்கு நேராக வர வேண்டிய சத்தம் மேசையிலும் சுவரிலும் மோதிவிட்டு வருகிறது. முதலில் சத்த அமைப்பில் வசனத்தை முன்னிறுத்தும் ‘ஸ்பீச்’ அல்லது ‘நியூஸ்’ மோடைப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் 5 ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு சவுண்ட்பார். டிவியின் பின்னால் ‘எச்டிஎம்ஐ ஏஆர்சி’ என்று எழுதிய துளையில் செருகினால் பெரும்பாலும் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம். அம்மாவுக்கு இரண்டாவது ரிமோட் தொல்லை இல்லை. புது டிவி வாங்குபவர்கள் 30 ஆயிரம் முழுவதையும் திரைக்கே கொட்டாமல் 25-ஐ டிவிக்கும் 5-ஐ சத்தத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மாவின் காதையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பெரிய பிராண்டில் 32 இஞ்ச் வாங்கும் பணத்தில் புதுப் பெயர் ஒன்றில் 43 கிடைக்கிறது. எதை எடுக்க? (தருமபுரி)

பெயரை விடுங்கள், மூன்று கேள்விகள் கேளுங்கள். தருமபுரிக்குச் சர்வீஸ் ஆள் வருவாரா? பெட்டியில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா? பேனலுக்கு எத்தனை வருடம் வாரண்டி? முதல் கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் வாங்காதீர்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு நீங்களே போன் செய்து பின்கோடு சொல்லிக் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். பேனல் பழுதானாலோ கோடு விழுந்தாலோ, அதை மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கிவிடும். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் புதுப் பெயரையே தைரியமாக வாங்குங்கள்.

ஸ்மார்ட் டிவி வாங்கி இரண்டு வருடத்தில் ஆமை ஆகிவிட்டது. மாற்றிவிடலாமா? (வேலூர்)

திரை நன்றாக இருந்தால் மாற்றாதீர்கள். சோர்ந்துபோனது டிவி இல்லை, உள்ளே இருக்கும் சிறு கம்ப்யூட்டர். எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று சில ஆயிரங்களில் கிடைக்கும், ஆமை ஓடும். புதிதாக வாங்குபவர்கள் ரேம் 2 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள். மிக மலிவான சில டிவிகளில் முறையான அனுமதி பெறாத ஆண்ட்ராய்டு இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகள் அதில் சரியாக ஓடாது. கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டி குறைந்ததில் நமக்கு என்ன லாபம்? (சேலம்)

32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை 20 ஆயிரம் என்றால், முன்பு 25,600 கொடுத்திருப்பீர்கள்; இப்போது 23,600. 32 இஞ்சுக்கும் அதற்குக் கீழும் 2019 முதலே 18 சதவீதம்தான். அங்கே ‘ஜிஎஸ்டி சலுகை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

‘வட்டியில்லா இஎம்ஐ’யில் எடுக்கலாமா? (சிவகாசி)

மூன்று தொகையைக் கூட்டுங்கள்: மாதத் தவணைகள், பிராசஸிங் கட்டணம், ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி. மொத்தம் தள்ளுபடிக்கு முந்தைய விலையைவிட எவ்வளவு அதிகமோ அதுதான் வட்டி. சில நூறு என்றால் எடுங்கள். ஆயிரத்தைத் தாண்டினால் ஆடித் தள்ளுபடி வரைக்கோ தீபாவளி வரைக்கோ சேர்த்து வாங்குங்கள்.

பெரிய டிவி, பெரிய கரண்ட் பில்லா? (தூத்துக்குடி)

80 வாட் இழுக்கும் டிவியை தினமும் 6 மணி நேரம் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு சுமார் 29 யூனிட். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் டிவியை அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை மறந்துவிடுகிறோம். 10 வாட் இழுக்கும் பாக்ஸ் இரவும் பகலும் ஓடினால் அதே இரண்டு மாதத்தில் 14 யூனிட். டிவி குடிப்பதில் பாதியை யாரும் பார்க்காத பெட்டி குடிக்கிறது. சுவிட்ச்சை அணையுங்கள்.

ஸ்டெபிலைசர் கட்டாயமா? (தென்காசி)

இப்போதைய டிவிகள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை. பின்பக்கத்தில் அப்படி எழுதியிருந்து, உங்கள் ஊரில் கரண்ட் ஓரளவு சீராக இருந்தால் தேவையில்லை. இடி மின்னலுக்கு மட்டும் பயப்படுங்கள். பிளக்கைப் பிடுங்கினால் போதாது. கேபிள் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி இன்னும் பரணில் இருக்கிறது. பழைய இரும்புக்குப் போடலாமா? (விழுப்புரம்)

2006-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அந்த டிவிதான் எத்தனையோ வீடுகளுக்கு முதல் டிவி. மரியாதையாக வழியனுப்புங்கள். அந்தப் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்தால் மண்ணுக்கும் உடைப்பவருக்கும் கேடு. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். புது டிவி வாங்கும் கடையிலும் எக்ஸ்சேஞ்ச் கேளுங்கள்.

வாங்கி மூன்று மாதத்தில் திரையில் கோடு. கடைக்காரர் கம்பெனியைக் கேள் என்கிறார், கம்பெனி கடையைக் கேள் என்கிறது. (நாகர்கோவில்)

நீங்கள் 1915-ஐக் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, உங்கள் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பில், வாரண்டி அட்டை, கோடு தெரியும் புகைப்படம் மூன்றும் கையில் இருக்கட்டும். பில் இல்லாமல் 500 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் டிவி வாங்கவே வாங்காதீர்கள்.

30 ஆயிரம் இருக்கிறது. ஹாலுக்கு ஒன்று, பெட்ரூமுக்கு ஒன்று என்று இரண்டு 32 இஞ்ச் வாங்கினால் ரிமோட் சண்டை ஓயுமே? (பட்டுக்கோட்டை)

சண்டை ஓயும்; கூடவே பேச்சும் ஓயும். தாத்தா செய்தியை விட்டுக்கொடுத்து, பேரன் கார்ட்டூனை விட்டுக்கொடுத்து, எல்லோருமாக ஒரு பழைய படத்தில் வந்து நிற்பது வீட்டில் ஒரே டிவி இருக்கும்போதுதான் நடக்கும். பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள் என்பதும் ஹாலில் இருந்தால்தான் பெரியவர்களுக்குத் தெரியும். ஒன்றே வாங்குங்கள், நல்லதாக வாங்குங்கள், ஹாலிலேயே வையுங்கள்.