காலு உடைஞ்சாத்தான் கம்பெனி கணக்கு

டேய் பேராண்டி, இப்படி வந்து உக்காரு. வாரத்துல அஞ்சு நாளும் ஆபீஸுக்கு வந்தே தீரணும்னு மெயில் வந்துடுச்சாமே. உங்கம்மா கண்ணைத் துடைச்சுக்கினு சொன்னா. அது துக்கமா ஆனந்தமான்னு நான் விசாரிக்கல. நீ மீட்டிங்ல இருந்துக்கினு "குக்கரை நிறுத்து, விசில் கேக்குது"ன்னு கத்துன நாள்ல இருந்து அவ தன் வூட்டுலயே விருந்தாளி மாதிரி நடந்துக்கினு இருக்கா. மத்தியானச் சோறு மேசைக்கு வரணும், நாலு மணி டீ மேசைக்கு வரணும். கொல்லையில கோழி கொக்கரிச்சாக்கூட அதை மியூட்ல போடச் சொன்னவன் நீ. வூட்டுல இருந்து வேலை பார்த்தது நீயா, அவளான்னு முதல்ல தீர்த்துக்க. அப்புறமா கம்பெனிக்காரன்கூட மல்லுக்கு நிக்கலாம்.

பேச்சு மாத்திட்டான்னு பொருமுறே. நியாயம்தான். 2020ல டி.சி.எஸ். இன்னா சொல்லுச்சு? 2025க்குள்ள நூத்துல இருபத்தஞ்சு பேர் ஆபீஸ்ல இருந்தாப் போதும்னு சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல அதே கம்பெனி, அஞ்சு நாளும் வாங்கன்னு கூப்புட்டுச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அமெரிக்காவுல இன்னும் பெரிய கூத்து. நேர்ல வராதே, வூட்டுல இருந்தே மூஞ்சியைக் காட்டுன்னு ஊரு உலகத்துக்கே வித்துப் பொழைச்ச ஜூம் கம்பெனி, ஆபீஸுக்கு ஐம்பது மைலுக்குள்ள குடியிருக்கிறவங்க வாரத்துல ரெண்டு நாள் நேர்ல வந்தாகணும்னுச்சு. ஐம்பது மைல்னா எண்பது கிலோமீட்டர். நம்ம கும்மிடிப்பூண்டிக்கும் உன் ஆபீஸ் இருக்கிற சிறுசேரிக்கும் ரோட்டுக் கணக்குல கிட்டத்தட்ட அவ்ளோதான். எங்கியோ உக்காந்து டேப் புடிச்சவன், கடைசி முனையை நம்ம வூட்டு வாசப்படியிலதான் வச்சிருக்கான்.

நேர்ல வந்தாத்தான் வேலை ஓடும்னு உங்க மேனேஜர் சொன்னா, அவரை ஒருநாள் நம்ம பக்கம் இட்டுக்கினு வா. கண்ணன்கோட்டை தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கத்தைக் காட்டு. மெட்ராஸ்காரங்க குடிக்க 380 கோடி ரூபாய்ல கட்டினது. 2020 நவம்பர் 21ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா அதை நாட்டுக்கு அர்ப்பணிச்சாரு. எங்க நின்னு? மெட்ராஸ்ல, கலைவாணர் அரங்கத்துல. ஏரி கோவிச்சுக்கல. தண்ணியும் வேற பக்கம் திரும்பிப் போவல. ஏரியைத் திறக்கறவருக்கு ஏரிக்கரை வேணாம், எக்ஸெல் ஷீட்டைத் திறக்கறவனுக்கு மட்டும் ஆபீஸ் வேணும்! பெரிய மனுஷன் தூரத்துல இருந்து செஞ்சா அது விழா. நீ செஞ்சா அதுக்குப் பேரு டிமிக்கி.

2025 சனவரியில எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் பேசின வீடியோவைப் பார்த்தியே. வாரத்துக்குத் தொண்ணூறு மணி நேரம் உழைக்கணும், ஞாயித்துக்கிழமை வூட்டுல உக்காந்து பொண்டாட்டி மூஞ்சியை எவ்ளோ நேரம் பார்த்துக்கினு இருப்பேங்கற மாதிரி கேட்டாரு. அவங்க கப்பல் கட்டற இடம் இதோ, நம்ம காட்டுப்பள்ளியிலதான் இருக்குது. உங்க பாட்டி அதைக் கேட்டுட்டு வெத்தலையை மடிச்சுக்கினே சொன்னா: "நல்ல கேள்விதான். ஆனா அதைப் பொண்டாட்டிமாருங்ககிட்ட கேட்டிருக்கணும். யாரு மூஞ்சி யாருக்கு அலுத்துப்போச்சுன்னு அப்பத் தெரிஞ்சிருக்கும்."

சிரிக்காத. உன் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். மௌஸ் தானா ஆடிக்கினே இருக்கறதுக்கு ஒரு மிஷின் விக்கிதாமே? நீ வேலை பார்க்கறதா கம்ப்யூட்டர் நம்பிக்கினு இருக்குமாம். இந்த மாதிரி விசைப்பலகை வேலை நடக்கறதா பொய்க்கணக்கு காட்டினாங்கன்னு 2024ல வெல்ஸ் பார்கோ பாங்க்குல பன்னெண்டு பேருக்கு மேல வேலையை வுட்டே தூக்கிட்டாங்க. எங்க காலத்துல ரோலிங் மில்லுல ஒருத்தன் அட்டையை இன்னொருத்தன் பஞ்ச் அடிப்பான். மனுஷன் அதே மனுஷன்தான், கருவிதான் நாகரிகமாயிடுச்சு. இப்ப ஆபீஸுக்கு வரச் சொன்னாலும், கார்டைத் தேய்ச்சுட்டு ஒரு காபியைக் குடிச்சுட்டு நழுவுறவன் இருக்கான். முதலாளி தலையை எண்ணினா அவனுக்குத் தலைதான் கிடைக்கும், வேலை கிடைக்காது.

இன்னொண்ணும் மறந்துடாத. வூடா ஆபீஸாங்கற கேள்வியே நாற்காலி கிடைச்சவனுக்குத்தான். நம்ம சிப்காட்டுல இரும்பை உருக்கி, கம்பியா இழுக்கற பசங்ககிட்ட இதை எவனும் கேட்டதில்ல. பர்னஸை வூட்டுக்குக் கொண்டுபோவ முடியாது, சரி. ஆனா 2020ல ஊரடங்குன்னதும், நீ வூட்டுல லேப்டாப்பைத் திறந்தே. அந்தப் பசங்க மூட்டையைத் தூக்கிக்கினு ஜி.என்.டி. ரோட்டுல ஆந்திரா பக்கமா நடந்தாங்க. பீகாருக்கும் ஒடிசாவுக்கும்.

இவ்ளோ சொல்லிட்டு நீ ஆபீஸுக்குப் போன்னு சொல்லுவேன்னு பார்த்தியா? இல்ல. நீ சண்டை போடற இடம்தான் தப்புங்கறேன். உனக்கு ஆபீஸ் புடிக்கலையா? அங்க ஏசி இருக்குது, சிநேகிதங்க இருக்காங்க, குக்கர் சத்தம் இல்ல. உன்னைக் கொல்றது ஆபீஸ் இல்ல, அங்க போற வழி. விடிய சொல்ல லோக்கலைப் புடிச்சு, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர்னு ஒவ்வொரு ஊருக்கும் சலாம் போட்டு, நடுவுல எக்ஸ்பிரஸுக்கு வழி வுட்டு நின்னு, சென்ட்ரல் போய்ச் சேர சொல்லவே பாதி உயிர் போயிடுது. அப்புறம் ரோட்டைத் தாண்டிப் பறக்கும் ரயில், திருவான்மியூர், அங்க இருந்து ஓ.எம்.ஆர். பஸ். சாயங்காலம் இதே பாடத்தைத் தலைகீழாப் படிக்கணும். இந்த நேரத்துக்குக் கம்பெனி காசு கொடுக்குதா? வூட்டுக்காவது உதவுதா? ரெண்டு பேரும் கைகழுவி வுட்ட நேரம் அது.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன் கேளு. ஈ.எஸ்.ஐ. சட்டத்துல 2010ல ஒரு திருத்தம் கொண்டாந்தாங்க. தொழிலாளி வூட்டுல இருந்து வேலைக்குப் போ சொல்லவோ, வேலை முடிஞ்சு திரும்ப சொல்லவோ அடிபட்டா, வேலைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு இருக்குதுன்னு காட்டினா, அது வேலையிலயே அடிபட்ட மாதிரிதான். சம்பளம் ஒரு வரம்புக்குள்ள இருக்கறவனுக்குத்தான் அந்தச் சட்டம். உனக்கு இல்ல. ஆனா அதுல இருக்கிற நியாயத்தைப் பாரு. போற வழியும் வேலையோட சேர்த்திதான்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்குது. காலு உடைஞ்சா கம்பெனி கணக்கு. உடையாம போய்ச் சேர்ந்துட்டா உன் சொந்தக் கணக்கு! நம்ம பக்கத்து பேக்டரிக்காரங்க பல பேர் ஊரூரா பஸ் அனுப்பி ஆளை ஏத்திக்கினு போறாங்களே, தருமத்துக்கா? தூங்கி வழிஞ்சுக்கினு வர்றவன் கை மிஷினுக்குள்ள போவும்னு அவங்களுக்குத் தெரியும். உங்க கம்பெனியில தூங்கி வழிஞ்சா மூளைதான் நசுங்கும். அதுல ரத்தம் வராததால யாரும் கண்டுக்கறதில்ல.

சரி, வழியைக் குறைக்க வழியே இல்லையா? இருக்குது. 2024 நவம்பர் 22ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் பட்டாபிராம்ல டைடல் பார்க் திறந்து வச்சாரு. 21 மாடி, 330 கோடி ரூபாய். நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். ரொம்ப சந்தோஷப்படாத, ரயில்ல போவணும்னா இங்க இருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய், வண்டி மாறி, மறுபடியும் மேற்கால வரணும். சொந்த மாவட்டத்துக்குள்ள போவ மெட்ராஸைத் தொட்டுட்டு வர்றது நம்ம தலையெழுத்து. கலெக்டரைப் பார்க்கவும் அதே கதைதான். பஸ்ல போனா பெரியபாளையத்தம்மனை ஒரு கும்பிடு போட்டுக்கலாம், அது ஒண்ணுதான் லாபம். இருந்தாலும் சிறுசேரியோட பார்த்தா அது பக்கம். வாரத்துல ரெண்டு நாளாவது அந்த மாதிரி கிட்டத்துல ஒரு நாற்காலி போட்டுக் குடுன்னு கேக்கலாம். வண்டியில போற நேரத்துல பாதியை வேலை நேரத்துல சேருன்னு கேக்கலாம். கூட்ட நேரம் தாண்டி வர்றேன்னு கேக்கலாம்.

ஆனா தனியாப் போய்க் கேட்டுடாத. பழவேற்காட்டுல மீன் புடிக்கிறவங்ககிட்ட "பாடு"ன்னு ஒரு முறை இருக்குது. ஏரியில இன்ன இடத்துல இன்னைக்கு இன்னார் வலை போடணும்னு முறை வச்சு மாத்தி மாத்திப் போவாங்க. நல்ல இடம் எந்நாளும் ஒருத்தனுக்கே போயிடாது. அதுல சேராத ஆளுக்கு இடம் இல்லைங்கற குறை உண்டு, நான் மறைக்கல. ஆனா யாரு என்னைக்கு எங்க போவணும்னு அவங்களுக்கு எவனும் மெயில் அனுப்பல. கரையில ஒண்ணா உக்காந்து அவங்களே பேசி வச்ச ஏற்பாடு அது. உங்ககிட்ட இன்னா இருக்குது? ஒரு வாட்ஸாப் குரூப்பு. அதுல ஹெச்.ஆர். படத்தைப் போட்டு மீம்ஸ், திங்கக்கிழமை காலையில எல்லாரும் கமுக்கமா கார்டைத் தேய்க்கறது. ஐ.டி. வேலைக்காரங்களும் சங்கம் வச்சுக்கலாம்னு தமிழ்நாட்டு அரசாங்கம் 2016லயே தெளிவா சொல்லிடுச்சு. நீங்கதான் அந்த வார்த்தையைக் கேட்டாலே ஏதோ செங்கல் சூளைக்காரன் சமாச்சாரம்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க.

அதனால, வூடுதான் ஒசத்தின்னும் வாதாடாத, ஆபீஸ்தான் ஒசத்தின்னு சொல்றவன்கிட்டயும் வாயைக் குடுக்காத. வழிக்குக் கணக்கு கேளு. வடக்கு லைன்ல உன்கூட தொங்கிக்கினு வர்ற பசங்க பேரை எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரே மெயிலா அனுப்புங்க. தனியாக் கேட்டவனுக்கு வேற கம்பெனி பார்த்துக்கன்னுதான் பதில் வரும், நாப்பது பேரா கேட்டா, உக்காருங்க பேசலாம்னு அவனே சொல்லுவான்.