சுடுதண்ணீர்ப் பஞ்சாயத்து

*வெளியே 33 டிகிரி வெயில். இந்த ஊரில் வாட்டர் ஹீட்டர் எதற்கு ஐயா?*
— வாசகர், பூச்சோங்

மாலை மழையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து பாருங்கள், தெரியும். இல்லையென்றால் வீட்டில் எழுபது வயது மாமியார் இருந்தால் இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். நமக்கு ஓர் அதிர்ஷ்டம், குழாய்த் தண்ணீரே 28 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடும் தண்ணீரை 3.6 கிலோவாட் ஹீட்டர் 17 டிகிரி ஏற்றும். 28ம் 17ம் 45, குளிக்கத் தாராளம். இதே பெட்டியைக் குளிர்கால லண்டனில் மாட்டினால் அங்கே வருவது நம் பச்சைத் தண்ணீர்தான்!

*இரட்டை மாடி வீடு. கீழே உள்ள ஹீட்டர் கொதிக்கிறது, மேலே உள்ள அதே மாடல் சூடேறவே மாட்டேன் என்கிறது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை.*
— வாசகர், கிள்ளான்

கூடப் பிறந்தாலும் வாய்த்த இடம் வேறாயிற்றே. கூரைத் தொட்டி கீழ்க் குளியலறைக்குப் பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கும், மேல் குளியலறைக்கு இரண்டு மூன்று அடிதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஓடாது, வழியும். உள்ளே நீரோட்டத்தை உணரும் சுவிட்ச் ஒன்று உண்டு. ஓட்டம் போதாவிட்டால் சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் போகாது. வெறும் சட்டியை அடுப்பில் வைக்காத கெட்டிக்கார மருமகள் மாதிரி. முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் ஹோஸில் விட்டுப் பாருங்கள். சூடு வந்தால் குற்றவாளி ஷவர் தலை. வினிகரில் ஊறவைத்து ஓட்டைகளை ஊசியால் குத்துங்கள். அப்போதும் வரவில்லையா? பம்ப் வைத்த மாடல்தான் வழி. ஹீட்டரைத் தட்டுவது வழியல்ல.

*தண்ணீர்த் தடை முடிந்து தண்ணீர் வந்த நாளிலிருந்து ஹீட்டர் வேலை செய்யவில்லை. தடைக்கும் ஹீட்டருக்கும் என்ன சம்பந்தம்?*
— வாசகி, ரவாங்

ரவாங்கிலிருந்து இந்தக் கேள்வியா அம்மா! 2020 செப்டம்பரில் உங்கள் பக்கத்து சுங்கை கோங் ஆற்றில் யாரோ கழிவைக் கொட்ட, கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றதே, மறந்திருக்க மாட்டீர்கள். தடை எதுவாக இருந்தாலும், குழாய் காலியாகி மறுபடி நிரம்பும்போது அடியில் படிந்த துருவும் சேறும் கிளம்பி வரும். முதலில் வரும் செந்தண்ணீர் அதுதான். அது போய்ச் சேரும் இடம் உங்கள் ஹீட்டரின் வாசல்.

இதை நீங்களே சரிசெய்யலாம், வயர்மேனுக்குக் காசு வேண்டாம். குளியலறைக்கு வெளியே உள்ள ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். ஹீட்டருக்குக் கீழே தண்ணீர் நுழையும் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும், மூடுங்கள். இணைப்பைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வலை. பழைய பல்துலக்கியால் தேயுங்கள். மாட்டும்போது ரப்பர் வாஷரை மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்தேன், கால்சட்டை மாற்ற வேண்டியதாயிற்று. ஹீட்டரின் மூடியை மட்டும் திறக்க வேண்டாம். தண்ணீர் பக்கம் உங்களுடையது, மின்சாரப் பக்கம் வயர்மேனுடையது.

அடுத்த தடவை தண்ணீர் திரும்பியதும் வாசல் குழாயைத் திறந்து, தெளியும் வரை ஓடவிட்டு, பிறகு ஹீட்டருக்குப் போங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் செடியும் வாழ்த்தும்.

*நான் குளிக்கும்போதுதான் மனைவி சமையலறைக் குழாயைத் திறக்கிறாள். சுடுகிறது, அலறுகிறேன், உடனே ஜில்லென்று ஆகிறது. சதியா?*
— நடுங்கும் கணவர், சுபாங் ஜெயா

சதியா என்பது உங்கள் திருமண வரலாற்றைப் பொறுத்தது. விஞ்ஞானம் இதுதான்: கீழே குழாய் திறந்ததும் உங்கள் ஓட்டம் பாதியாகிறது, அதே சூடு பாதித் தண்ணீரில் ஏறுகிறது. எல்லை தாண்டியதும் பாதுகாப்பு கட்-அவுட் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதனால்தான் ஜில். ஹீட்டர் பழுதில்லை. சூட்டைக் குறைத்து வையுங்கள், அல்லது நீங்கள் பாத்திரம் கழுவுங்கள், அவர் குளிக்கட்டும்.

*நாங்கள் சைவம். ஆனால் ஹீட்டர் போட்டால் குளியலறை வாசலில் கருவாட்டு வாடை.*
— வாசகி, காப்பார்

கருவாடு இல்லை அம்மா, சுவிட்ச் வேகிறது. மின்சாதனப் பிளாஸ்டிக் கருகினால் அப்படித்தான் நாறும். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி வயரும் 20 ஆம்பியர் இரட்டைமுனைச் சுவிட்சும் வேண்டும். யாரோ சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் செருகியிருப்பார்கள், அல்லது சுவிட்சுக்குள் திருகாணி தளர்ந்திருக்கும். இப்போதே வீட்டின் மின்விநியோகப் பெட்டியில் (டி.பி. பெட்டி) அதன் இணைப்பை இறக்கிவிடுங்கள். இந்தப் பக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

*இடி இடித்தாலே இ.எல்.சி.பி. விழுகிறது. ஹீட்டர்தான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.*
— வாசகர், ஷா ஆலம்

ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி முழங்கும் பள்ளத்தாக்கு இது. எல்லாப் பழியையும் ஹீட்டர் தலையில் போடலாமா? ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்கசிவு கண்டால் விழும் காவலாளியான இ.எல்.சி.பி.யைத் தூக்கிப் பாருங்கள். வெயில் நாளிலும் ஹீட்டர் போட்ட நொடியில் விழுந்தால் சூடேற்றும் கம்பியில் கசிவு. பக்கத்து வீட்டுக்காரர் ஜெயித்தார். இடியில் மட்டும் விழுந்தால் அது மின்னல் அலை. வயர்மேனிடம் மின்னல் தடுப்பு பற்றிக் கேளுங்கள். எதுவானாலும், விழாதபடி நேராக வயர் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்புங்கள்.

*ஷவரைத் தொட்டால் விரலில் லேசாக எறும்பு கடிப்பது போல் இருக்கிறது. பழைய அடுக்குமாடி. பழகிவிட்டது.*
— வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

இந்தப் பதிலில் நகைச்சுவை இல்லை. இன்று முதல் அந்த ஹீட்டரைப் போடாதீர்கள். தண்ணீர் வழியாக மின்சாரம் உங்களிடம் வருகிறது, பூமி இணைப்பு வேலை செய்யவில்லை. பழைய வீடுகளில் ஒரே பொது இ.எல்.சி.பி. இருக்கும், பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர். அது விழுவதற்குள் மனிதன் விழுந்துவிடுவான். தரை ஈரமாகும் இடத்துக்கு 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள் கேட்பது 10 மில்லி ஆம்பியர். ஹீட்டருக்கென்று அதைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். வருபவரிடம் எரிசக்தி ஆணையத்தின் பதிவு அட்டையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்புங்கள்.

*சேமிப்புத் தொட்டி ஹீட்டர். அடியில் சொட்டுகிறது. மாமா கட்டையை வைத்து அடைத்துவிட்டார், இப்போது சொட்டவில்லை.*
— வாசகி, பெட்டாலிங் ஜெயா

ஐயையோ, கட்டையை எடுக்கச் சொல்லுங்கள்! முதலில் சுவிட்சை அணையுங்கள், தொட்டி ஆறட்டும். சொட்டியது பாதுகாப்பு வால்வு. 50 லிட்டர் தண்ணீரை 25லிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் முக்கால் லிட்டர் அளவுக்கு விரியும். அது போக வழி வேண்டாமா? அடைத்த தொட்டியில் தெர்மோஸ்டாட்டும் கெட்டால் அது தொட்டி இல்லை, வெடிகுண்டு. சூடேறும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். இரவு பகலாகச் சொட்டினால் வால்வை மாற்றுங்கள். துருத் தண்ணீர் வந்தால் உள்ளே உள்ள மக்னீசியம் தண்டு கரைந்து முடிந்திருக்கும். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்த தியாகி அது.

*தீபாவளி காலை மூன்று மணிக்கு எண்ணெய் தேய்த்த தலையோடு எல்லோரும் இருட்டில் நின்றோம். மெயினே விழுந்துவிட்டது.*
— வாசகர், செந்தூல்

மூன்று ஹீட்டர் ஒன்றாகப் போட்டால் 45 ஆம்பியர். இரண்டு ஏர்கோன், கெட்டில், முறுக்கு சட்டிக்குப் பக்கத்தில் ரைஸ் குக்கர் எல்லாம் சேர்ந்தால் 63 ஆம்பியர் மெயின் என்ன செய்யும்? ஹீட்டரின் சொந்த பிரேக்கர் விழுந்தால் ஹீட்டரைச் சந்தேகப்படலாம். மெயின் விழுந்தால் உங்கள் உறவினர் எண்ணிக்கையைச் சந்தேகப்படுங்கள். எண்ணெய் ஊற எப்படியும் அரை மணி நேரம் வேண்டும், வரிசையாகக் குளியுங்கள்.

*ஊரில் கீசர் என்கிறார்கள், இங்கே ஹீட்டர். எது சரி?*
— வாசகர், பந்திங்

கீசர் என்பது ஐஸ்லாந்தின் கொதிநீர் ஊற்றின் பெயர். 1868இல் லண்டனில் எரிவாயு நீர்சூடேற்றி செய்தவர் அந்தப் பெயரை வைத்தார், அது இந்தியாவோடு ஒட்டிக்கொண்டது. பெயர் எதுவானாலும் இன்று இரவு குளிக்கப் போகுமுன் டி.பி. பெட்டியைத் திறந்து, இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். விழுந்ததா? தூக்கிவிட்டுப் போய்க் குளியுங்கள். விழவில்லையா? பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நாளைக்கு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.