வாக்குமூல நூல்களின் கைச்சாத்திட்ட முதற்பதிப்புகள்: செட்டிபாளையத்துச் சேகரிப்பாளருக்கான ஒரு முன்னாய்வு

கைச்சாத்து எனப்படுவது, ஆசிரியர் தம் நூலின் முதல் வெற்றுப் பக்கத்தில், பெரும்பாலும் மை தீரும் தறுவாயிலுள்ள இரவற் பேனாவால், ‘அன்புடன்’ என்ற சொல்லுக்குக் கீழே இடும் கீறலாகும். வாக்குமூல இலக்கியமோ, செய்ததையும் செய்யாமல் விட்டதையும் ஒருவர் தாமே எழுத்தில் ஒத்துக்கொள்வது. இவ்விரண்டும் ஒரே பிரதியில் கூடிவருதல், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் செட்டிபாளையத்தில் மட்டுமன்றி எங்குமே அரிது என்பது இவ்வாய்வின் துணிபு.

ஒத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் நூல் வெளிவரும் நாள்வரை தங்குவதில்லை. ரூசோவின் வாக்குமூலங்கள் 1782இல் அச்சேறத் தொடங்கின. அவர் 1778இலேயே காலமாகிவிட்டார். விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராயிருந்த தமிழினி 2015 ஒக்டோபரில் மறைய, ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ 2016இல் வந்தது. அதில் அவரது கைச்சாத்து இருப்பதாக எவரேனும் பிரதி காட்டினால், காட்டுபவரின் வாக்குமூலத்தையே முதலில் பதிவுசெய்தல் தகும். முன்னாள் போராளி புஷ்பராஜாவின் ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ 2003இல் வெளிவர, அவர் 2006இல் மறைந்தார். ஆக அவகாசம் ஏறத்தாழ மூன்று ஆண்டு, அதுவும் அவர் வாழ்ந்த பாரிஸுக்குப் போய்வர வசதியுள்ளவருக்கே.

உயிரோடிருக்கும் ஆசிரியரின் வெளியீட்டு விழாவில், சிறப்புப் பிரதி பெறுபவர் மேடையேறி, பண உறையைக் கொடுத்து, படத்துக்கு நின்று இறங்குகிறார். உறையின் கனத்துக்கும் கைச்சாத்தின் நீளத்துக்குமுள்ள உறவு தனி ஆய்வுக்குரியது.

அகப்பட்டதைக் காப்பதும் லேசன்று. ஒருபுறம் கடற்காற்றும் மறுபுறம் வாவியின் ஈரமுமாக, மாரி பிறந்ததும் கண்ணாடி அலுமாரிக்குள்ளேயே தாள் நெளிகிறது. இராமபாணம் எனப்படும் வெள்ளிநிறப் பூச்சி பசை தடவிய முதுகைச் சுரண்டுகிறது. மை கசிந்து ‘அன்புடன்’ என்பதில் ‘அன்பு’ மட்டும் எஞ்சுகிறது.

எனினும் கைச்சாத்துத் தவறாத வாக்குமூல வகை ஒன்று இலங்கையில் உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத பதவியினரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. சிங்களத்தில் எழுதப்பட்டதைத் தமிழர் வாசிக்கத் தெரியாமல் ஒப்பமிட்ட வழக்குகள் பல. அபூர்வம், முதற்பதிப்பு, கைச்சாத்து என்னும் மூன்று இலக்கணமும் அவ்வாக்குமூலங்களில் நிறைந்திருக்க, ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் எழுதியவரை இடுவதா, ஒப்பமிட்டவரை இடுவதா என்பதில் மட்டும் நூற்பட்டியலாளரிடையே ஒருமைப்பாடில்லை.