மயங்கி விழத் தடையில்லை

2022 செப்டெம்பர் கடைசியில் இலங்கையின் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்லக்கூடாது. மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை. அந்த நாட்களில் என்ன நடந்துகொண்டிருந்தது, நினைவிருக்கிறதா? பசியால் பிள்ளைகள் பாடசாலையில் மயங்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அரசாங்கம் உடனே செயலில் இறங்கியது. வாயைத் தேடிப் போனது. பிள்ளையின் வாயை அல்ல; சொன்னவரின் வாயை. பிள்ளையின் வாயில் போட ஏதாவது வேண்டும். சொன்னவரின் வாயை மூட ஒரு கடதாசி போதும்.

மயங்கி விழுவதற்கு அந்தச் சுற்றறிக்கையில் தடை எதுவும் இல்லை. நன்றி.

ஹம்பாந்தோட்டைப் பிள்ளைகளின் மந்தபோசணை பற்றிப் பகிரங்கமாகப் பேசினார் டொக்டர் சமல் சஞ்சீவ. பணியிடைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு ஓகஸ்டில் யுனிசெப்பின் தெற்காசியப் பணிப்பாளர், இந்த நாட்டில் பிள்ளைகள் சாப்பிடாமலே படுக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார். அவரை இடைநிறுத்த வழியில்லை. ஆகவே அவருடைய கணக்கை இடைநிறுத்தினார்கள். அது 2016ஆம் ஆண்டின் பழைய புள்ளிவிவரமாம்.

சரி, அந்தப் பழைய புள்ளிவிவரத்தையே எடுப்போம். 2016இல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15.1 சதவீதத்தினருக்கு உயரத்துக்கேற்ற நிறை இல்லை. நுவரெலியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை குட்டை. அப்போது டொலர் தட்டுப்பாடு இல்லை, கேஸ் வரிசை இல்லை, எரிபொருளுக்குக் கியூ.ஆர். இல்லை. நாடு மூச்சு முட்டாமல் இருந்த காலத்துக் கணக்கு அது. அதைச் சொல்லியா ஐயா உங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தீர்கள்? புதிய கணக்கு அரசின் குடும்ப சுகாதாரப் பணியகத்திடமே இருந்தது. 2021இல் நிறை குறைந்த பிள்ளைகள் 12.2 சதவீதம். 2022இல் 15.3.

மந்தபோசணை என்ற சொல்லை யார் கண்டுபிடித்தாரோ தெரியாது. மந்தமாக இருப்பது போசணையா, கொடுக்க வேண்டியவர்களா என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

நிறை பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கிளினிக் நாளில் போய்ப் பாருங்கள். தாய்மார் விடியவே வரிசையில் நிற்பார்கள். கையில் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, பொலித்தீன் பையில் சுற்றி, அடையாள அட்டையைவிடக் கவனமாக. தராசில் பிள்ளையைத் தூக்கி வைப்பார்கள். பிள்ளை வீறிடும். மிஸ் ஒரு புள்ளி வைத்து முந்தின மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு பச்சையை விட்டு இறங்கினால் அவர் முகமும் இறங்கும்.

“இறங்குது அம்மா. முட்டை குடுங்க. மீன் குடுங்க. கீரை, பருப்பு எல்லாம் குடுங்க.”

அம்மா தலையாட்டுகிறாள். புருஷன் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை. மூட்டை வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. முட்டையில் சத்திருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. விலை இருப்பதும் தெரியும். தலையாட்டுவதற்குச் செலவில்லை, ஆட்டுகிறாள். அடுத்த மாதம் வா என்கிறார்கள். வருகிறாள். இன்னொரு புள்ளி. மிஸ்ஸில் பிழையில்லை; அவரிடம் இருப்பது தராசும் பேனையும்தான். பிள்ளை இத்தனை கிலோ இத்தனை கிராம் என்று அரசுக்கு மாதாமாதம் தெரிகிறது. தெரிந்துகொண்டே இருக்கிறது.

கிளினிக்கில் கொடுக்க ஒரு பொதி இருந்தது. திரிபோஷ. 1973இல் அமெரிக்க உதவியோடு தொடங்கி, ஜா-எலவில் தொழிற்சாலை வைத்து, சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்து, இலவசமாகக் கொடுத்து வந்த மா. நம்மில் பலரின் எலும்பில் அது இருக்கிறது. இந்த நாட்டில் உருப்படியாக நடந்த சில காரியங்களில் ஒன்று என்பதால் அதற்கும் ஒரு வழி பண்ண வேண்டியிருந்தது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். சோளம் விழுந்தது. சோளம் விழுந்ததும் திரிபோஷவும் விழுந்தது. 2022இல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத் தலைவர் உபுல் ரோஹண, திரிபோஷவில் அஃப்லாடொக்சின் இருக்கிறது என்றார். அது பூஞ்சை நஞ்சு, ஈரலைத் தின்பது. இல்லவே இல்லை என்று மறுப்பு வந்தது. 2023இல் பார்த்தால், 6 மாதம் முதல் 3 வயது வரையான பிள்ளைகளுக்கான திரிபோஷ உற்பத்தியே நின்றிருக்கிறது. காரணம் கேட்டால் சோளத்தில் அஃப்லாடொக்சின் அளவு கூடவாம். அதாவது, திரிபோஷவில் நஞ்சு இல்லை. நஞ்சு இல்லாத சோளம்தான் இல்லை.

அந்த வயதுதான் முக்கியம் என்பது மருத்துவம் படிக்காதவனுக்கும் தெரியும். கருவில் தொடங்கி இரண்டு வயது வரை ஆயிரம் நாள். மூளை அப்போதுதான் கட்டப்படுகிறது. பிறகு புரியாணியே போட்டாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. 2024 செப்டெம்பரில் திரிபோஷ கம்பனியைக் கலைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜனாதிபதி மாறியதும் கலைக்கவில்லை என்றார்கள். நல்லது. கலைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை மாடிகளிலிருந்து பார்த்தால் தாமரைக் கோபுரம் தெரியும். 113 மில்லியன் டொலர். பெரும்பகுதி சீனக் கடன். சுமார் 350 மீற்றர். பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 2022 செப்டெம்பரில். வாய்ப்பூட்டுச் சுற்றறிக்கை வந்த அதே மாதம். வயதுக்கேற்ற உயரம் குறையாமல் இந்த நாட்டில் வளர்ந்தது அது ஒன்றுதான். அடுத்த பெப்ரவரியில் காலிமுகத்திடலில் 75ஆவது சுதந்திர தின விழா. 200 மில்லியன் ரூபா. கொண்டாடாவிட்டால் உலகம் என்ன நினைக்கும் என்று கேட்டார்கள். உலகம் நினைப்பதைப் பற்றி நமக்கு எப்போதும் கவலை. யுனிசெப் நினைத்தால் மட்டும் கவலையில்லை.

வெள்ளவத்தைக்காரர் இதுவரை பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்து சிரித்துக்கொண்டிருப்பார். நானும் அந்த ஊர்தான். வாருங்கள், நம் வீட்டையும் பார்ப்போம்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் தடக்கி விழுந்தால் ஒரு மொன்டிசூரி வாசலில்தான் விழ வேண்டும். அந்த அம்மையார் மரியா மொன்டிசோரி 1944இல் நேரிலேயே இங்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள், கையால் தொட்டுச் செய்யட்டும் என்றவர். அவர் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு இரண்டரை வயதுப் பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சை வைக்கிறோம். அம்மப்பா என்ற பதவியில் நானும் ஒன்றுக்குப் போயிருந்தேன். மகளின் பட்டம், மருமகனின் பதவி, வாகனம் உண்டா, வீட்டில் என்ன மொழி, எல்லாவற்றுக்கும் படிவத்தில் இடமிருந்தது. பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது என்று எங்கும் இல்லை. என் பேத்தி நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லாமல் தண்ணீர் கேட்டாள். மிஸ் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். வருட முடிவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு நான்கு வயதுப் பட்டதாரிகள் மேடையேறினார்கள். தொப்பி கண்ணை மறைத்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

பேத்தி யூடியூப் போடாமல் வாய் திறக்க மாட்டாள். போனில் எலி ஓடும். வாயில் சோறு போகும். என்ன சோறு என்று அவளுக்கும் தெரியாது, எலிக்கும் தெரியாது. பிஸ்கட், ரோல்ஸ், கலர் யோகட், பொழுதுபட பிளேன்டீயில் தோய்த்த பணிஸ். இருந்தாற்போல் குழப்படி கூடியது. கவனிக்கிறாளில்லை, எரிச்சல்படுகிறாள், மற்றப் பிள்ளையைக் கடிக்கிறாள் என்று முறைப்பாடு. நாங்களும் வெருட்டிப் பார்த்தோம். பிறகு இரத்தம் சோதித்தால் இரும்புச்சத்துக் குறைவு. கதவு மூடாத அளவுக்கு ஃபிரிட்ஜ் நிறைந்த வீட்டில். இரும்பு குறைந்தால் பிள்ளை சோரும், சினக்கும், கவனம் நிற்காது. தேயிலையின் தனின், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் உடம்பு எடுக்க விடாது. ஆறு மாதமாக நாங்கள் கண்டித்தது ஒரு பிள்ளையை அல்ல, ஒரு வியாதியை.

எங்களுக்குச் சோதிக்கக் காசிருந்தது. கொட்டாஞ்சேனையில் 400 கிராம் பால்மா 2021 செப்டெம்பரில் 380 ரூபா. அடுத்த மார்ச்சில் 790. பால் போய் பிளேன்டீ வந்தது. அந்தப் பிள்ளையும் முன்பள்ளியில் சினக்கும், சோரும், கவனியாது. அதன் இரத்தத்தை யாரும் சோதிக்கப் போவதில்லை. குழப்படிக்காரன் என்று பெயர் வைத்து மூலையில் இருத்துவார்கள். பத்து வருடம் கழித்துப் பரீட்சையில் விழுந்தால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று வெள்ளவத்தையில் இருந்து நாமே சொல்வோம்.

ஒரு கணக்கோடு விடுகிறேன். தெரிவுசெய்த முன்பள்ளிகளில் பிள்ளையின் காலைச் சாப்பாட்டுக்கு அரசு ஒதுக்கியது 60 ரூபா. அதே காலத்தில் நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடக் கொடுத்தது 450. மிச்சத்தை நாங்களும் நீங்களும் கொடுத்தோம். கொட்டாஞ்சேனை நாட்டாமையும், பருப்பு வாங்கும்போது வரியாக. 2025இல் இரண்டையும் திருத்தினார்கள். நியாயம். உறுப்பினர் இப்போது உண்மை விலைக்குக் கிட்டக் கொடுக்க வேண்டும்: காலைச் சாப்பாடு 600, பகல் 1,200, தேநீர் 200. ஆக, காலைச் சாப்பாட்டின் உண்மை விலை என்ன என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிந்துவிட்டது. முன்பள்ளிப் பிள்ளைக்கு அதே வருடம் 60ஐ 100 ஆக்கினார்கள்.