வாய்க்கால்கரை விருந்து

புதுச்சேரி டவுனில் வாய்க்கால் என்றால் கை தானாக மூக்குக்குப் போய்விடும். பெரிய வாய்க்காலுக்குக் கீழண்டை வெள்ளை நகரம், மேலண்டை கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்து வைத்தான். 1954-இல் அவன் கிளம்பிப் போய்விட்டான். வாடை மட்டும் அன்றும் இன்றும் இரண்டு கரைக்கும் பொது.

ஆகவே, பிரான்சிலிருந்து வந்திருந்த மாமா, கோடை விடுமுறைக்கு ஸ்காட்லாந்தில் ஒரு வாய்க்கால்கரைக் கிராமத்தில் போய்த் தங்கியதாகச் சொன்னதும் அம்மா பதறிப்போனாள். "ஏன்டா தம்பி, காசு குடுத்தா வாய்க்கா கரையில தங்குன?"

மாமா செல்போனை நீட்டினார். யூனியன் கால்வாய். எடின்பரோவுக்கு நிலக்கரி ஏற்றிப்போக 1822-இல் திறந்தது. நீளமான படகு, கரையில் பூந்தொட்டி, வாத்து. எல்லாப் படத்திலும் மழை. ஃபால்கர்க் என்ற ஊரில் படகை அப்படியே தூக்கி 24 மீட்டர் உயரத்தில் இருக்கிற மேல் வாய்க்காலில் விடும் ஒரு ராட்சதச் சக்கரம் வேறு. "இறங்கி வர்றதுக்கும் தனியா டிக்கெட்டா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

ஊர் மானம் கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? மறுநாளே மாமாவைப் பாகூருக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பக்கமெல்லாம் புதுச்சேரிக்கு நடுநடுவே கடலூர் மாவட்டம் தலைகாட்டும். எல்லைக்கல்லைத் தேடி அலைய வேண்டாம். பிராந்திக்கடை நெருக்கியடித்தால் நம்ம ஊர், சட்டென்று காணாமல் போனால் தமிழ்நாடு.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து வருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசி சகோதரிகள் வெட்டியது என்பது ஊர்ப்பேச்சு. மார்கழி மாதம், கரை தொட்டுத் தண்ணீர். எருமை ஒன்று கழுத்தளவு இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. வாடகை கொடுக்காமல் வாய்க்காலை அனுபவிக்கிற ஜீவன்.

நான் விடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே ஒரு கல்லூரி இருந்ததையும், நிருபதுங்க பல்லவன் காலத்தில் மூன்று ஊர்களை அதற்கு எழுதி வைத்த செப்பேட்டையும் எடுத்துவிட்டேன். "1752-இல உங்காளுங்க இங்கிலீஷ்காரன்கிட்ட தோத்ததும் இந்தப் பாகூர்லதான் மாமா."

"அப்ப எங்கிட்ட பாஸ்போர்ட் இல்லடா" என்றார்.

கரையில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவரிடம் மாமா பேச்சுக் கொடுத்து, தன் செல்போனைக் காட்டினார். பெரியவர் ஒவ்வொரு படமாக, நிதானமாகப் பார்த்தார்.

"இவ்ளோ தண்ணி ஓடுது, ஒரு வயலையும் காணோமே. மதகு எங்க சார்?"

"மதகு உண்டு பெரியவரே. அது படகு ஏறி இறங்கறதுக்கு."

"பாசனம்?"

"கிடையாது. ஜனங்க வந்து பார்த்துட்டுப் போவாங்க."

பெரியவர் மாமாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வந்தவர் மனம் கோணக்கூடாது என்று நினைத்திருப்பார் போலும். செல்போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"வாத்து நல்லாக்கீது. முட்டை இன்னா வெலைக்குப் போவுது?"