எடிசன் டைம்

கீரமங்கலம் கடைவீதியில் மணி கேட்டால் இரண்டு பதில் சொல்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். பூக்கமிஷன் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில், பெஞ்சின் கிழக்கு மூலை அவருடையது. "நமக்கு ஆறேகால். அங்க காலையில எட்டேமுக்கால்" என்பார். 'அங்க' என்றால் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து எடிசன். மகன் குடும்பம் அங்கே இருக்கிறது. ஊர் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'எடிசன் டைம்'. அவருக்கும் அது தெரியும், கோபமில்லை.

இந்த ரகம் இப்போது ஊருக்கு ஒன்றாவது உண்டு. ஆலங்குடியில் ஒரு டொரண்டோ அப்பா, பொன்னமராவதியில் ஒரு மெல்பர்ன் மாமா. துபாய், சிங்கப்பூர் அப்பாக்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். ஒன்றரை மணி பின்னே, இரண்டரை மணி முன்னே என்று ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் அவர்களுக்கு ஆயுசுக்கும் போதும். வருஷத்துக்கு இரண்டு தடவை மணியை மாற்றுகிற தேசத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்களைத்தான் இந்தக் காய்ச்சல் பிடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சர்வீசில் இருந்த காலத்தில் இவர் பத்து மணி ஆபீசுக்குப் பதினொன்றே காலுக்குப் போனவர். மச்சினன் கல்யாணத்துக்கே முதல் பந்தி எழுந்த பிறகுதான் வந்தார் என்று அவர் வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். சொந்த நாட்டு நேரத்தை ஒருநாளும் மதிக்காதவர், இப்போது அடுத்த நாட்டு நேரத்துக்குக் காவல் நிற்கிறார்.

மகன் ஞாயிறு தவறாமல் அங்கே காலை 9 மணிக்குக் கூப்பிடுவான். குளிர்காலத்தில் நமக்கு அது இரவு ஏழரை. மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் ஆறரை ஆகிவிடும். முதல் வருஷம் இவருக்கு இது தெரியாது. சாவகாசமாக டீ குடித்துவிட்டு ஏழரைக்கு வீடு போனார். பேத்தி தாத்தாவைக் கேட்டுக்கேட்டு அழுதுவிட்டு நீச்சல் வகுப்புக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தைத் தன் வீட்டில் திருடு போன பொருளாகவே பேசுகிறார்.

"பல்பு கண்டுபிடிச்சவர் பேரை ஊருக்கு வச்சிருக்கான். அங்க உக்காந்துக்கிட்டு வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறானாம்!"

ஆறு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வந்ததும் பேச்சு கொஞ்சம் மாறியது. ஜூனில் அங்கே பகல் பதினைந்து மணி நேரம், டிசம்பரில் ஒன்பதேகால்தான். சாயங்கால விளக்கேற்ற அம்மாள் எட்டரை மணி வரை வத்திப்பெட்டியோடு காத்திருந்தாராம். "அவனுக்கு அது தேவைதான்யா. நமக்கு நீளமான பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் வித்தியாசமே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இதுல எதை முன்ன தள்ள, எதைப் பின்ன தள்ள?" என்றார். 2வது உலகப் போரில், 1942 முதல் 1945 வரை, வெள்ளைக்காரன் இந்தியக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் தள்ளித்தான் வைத்திருந்தான் என்று நான் சொன்னேன். "அதான் அவனை அனுப்பிட்டோம்ல" என்று முடித்துவிட்டார்.

பூ கொண்டுவந்த பெரியவருக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "மணியைத் தள்ளி வச்சா மல்லி மொட்டும் தள்ளிப் பூக்குமா மாப்ள?" என்றார். டீ மாஸ்டர் மட்டும் உற்சாகமானார். "அம்மன் காசுன்னு காசே தனியா வச்சிருந்த சமஸ்தானம்ணே இது. புதுக்கோட்டை டைம்னு ஒண்ணு வச்சுக்கிட்டா என்ன?"

பெஞ்சில் இவருக்குப் போட்டி, சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர். "1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரைக்கு முள்ளைத் தள்ளிப் பன்னெண்டு ஆக்குனான். அப்பப் போன அரைமணித் தூக்கம், இன்னும் திருப்பித் தரலை. உங்காளாவது நவம்பர்ல கொடுத்துடுறான்ல?"

ஒரே ஒருநாள்தான் எடிசன் டைம் வாயடைத்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்து முகாமிலிருந்து பெயின்ட் அடிக்க வந்த இலங்கைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எங்கட நாட்டில 96ல கரண்டு பத்தேல்லையெண்டு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைச்சவங்கள். பிறகு அரை மணி பின்னுக்கு. வன்னியில நாங்கள் பழைய நேரம்தான். சோதனைச்சாவடிக்கு அங்கால ஒரு மணி, இங்கால ஒரு மணி. 2006லதான் திரும்ப உங்கட நேரத்துக்கு வந்தவை." எடிசன் டைம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

2022 மார்ச்சில் அமெரிக்க செனட் இந்த மாற்றல் வேலையையே ஒழிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அன்றைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் இவர் கணக்கில் வடை. அப்புறம் கீழ்சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. வடைக்காசு போனதுதான் மிச்சம். "நம்ம ஊரு ரோட்டு மனு மாதிரியே இருக்கு" என்றார்.

ராகுகாலம் இன்னொரு தலைவலி. மகன் கோடையில் ஒரு சனிக்கிழமை கார் எடுக்கப் போனான். சனிக்கு ராகுகாலம் 9 முதல் பத்தரை. ஆனால் ராகு சூரியனைப் பார்த்து நடக்கிறவராயிற்றே. அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட சட்டம் அவரைக் கட்டுமா? கட்டாதென்றால் 10 முதல் பதினொன்றரை. வம்பே வேண்டாமென்று 9 முதல் பதினொன்றரை வரை மொத்தத்தையும் விலக்கச் சொன்னார். மகன் பேரப்பிள்ளைகளோடு ஷோரூம் வாசலில் நின்றான்.

அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள். ஒன்றின் கீழே சாக்பீஸில் 'எடிசன்'. போன் தானாகவே மாற்றிக்கொள்வதில் அவருக்கு நம்பிக்கையில்லை; "யாரைக் கேட்டு மாத்துது?" என்பார். ஸ்டூல் ஏற அவரை அம்மாள் விடுவதில்லை. ஆகவே வருஷத்துக்கு இரண்டு முறை எனக்கு அழைப்பு வரும். மார்ச் வேலை சுலபம், ஒரே சுற்று. நவம்பரில்தான் சிக்கல். கடிகார முள்ளைப் பின்னால் திருப்பினால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. ஒரு மணி நேரம் குறைக்க, பதினொரு மணி நேரம் முன்னால் சுற்றவேண்டும்.

போன நவம்பர் முதல் ஞாயிறும் அப்படித்தான். நமக்குப் பதினொன்றரை அடிக்கும்போது அங்கே இரவு இரண்டு, அப்போதுதான் மாற்றுவார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம் வந்துவிடும். நான் ஸ்டூலில் நின்று சுற்றினேன். அவர் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, நெல் அளக்கிற மாதிரி சத்தமாக எண்ணினார். அஞ்சு... ஆறு... ஏழு...

வாசலில் சிங்கப்பூர்க்காரர் சைக்கிளை நிறுத்தினார். "அண்ணே, மணி என்ன?"

"பதினொன்னு முப்பத்தஞ்சு" என்றவர், என்னை அண்ணாந்து பார்த்தார். "இப்ப ஏழா, எட்டா?"

எனக்கும் தெரியவில்லை.

"சரி, முதல்லேருந்து சுத்துப்பா."