தூக்கத்துக்கு ஒரு துண்டுத்தாள்

கேள்வி: துறைமுக யார்டில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. இரவில் படுத்தால் மறுநாள் வேலைகளெல்லாம் தலைக்குள் வரிசைகட்டி நிற்கின்றன. எழுதிவைத்தால் தூக்கம் வருமாமே, மெய்யா?
— ஒரு வாசகர், காட்டுப்பள்ளி

பதில்: மெய்தான், ஆனால் எதை எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். அமெரிக்காவின் பேய்லர் சர்வகலாசாலையார், இளவயதினர் 57 பேரை நித்திரைக்கு முன் ஐந்து நிமிஷம் எழுதச் சொல்லி, ஒரு சாராரை இனிச் செய்யவேண்டிய காரியங்களையும் மற்றொரு சாராரை அதுவரை செய்து முடித்தவற்றையும் எழுதவைத்து, மூளையின் மின்னலைகளைக் கருவிகொண்டு கவனித்து, 2018-ஆம் ஆண்டில் பிரசுரித்த முடிவின்படி, வரும் காரியங்களை எழுதியவர்களே சராசரியாக 9 நிமிஷம் முந்தி உறங்கிப்போனார்கள்; அதிலும் விவரமாக எழுதினவர்களுக்கு நித்திராதேவியின் கடாட்சம் இன்னும் துரிதமாகக் கிட்டிற்று. முடிந்ததை விஸ்தரித்தவர்களுக்கோ பலன் நேர்விரோதம். ஆகவே, இன்று மேலதிகாரி உம்மை ஏசியதையும், அதற்கு நீர் சொல்லாமல் விழுங்கிய பதிலையும் காகிதத்தில் வடிக்காமல், ‘காலையில் இன்ன கன்டெய்னரின் சீலைச் சரிபார்க்க வேண்டும்’ என்ற ரீதியில் எழுதுவதே உத்தமம்.

புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே துரையின் காலத்தையே சரித்திரத்துக்குத் தந்து போனார். உமக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். கைப்பேசியை எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் பேனாவை மூடிவிடும். மேலும் எழுத ஆசை மிகுந்தால், கதையாக்கி எமக்கு அனுப்பும். படித்து நாம் உறங்கிக்கொள்கிறோம்.